கூடுதல் கணிதத்தைக் கைவிடுமுன்

கேள்வி: பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். மகள் இந்த ஆண்டு நான்காம் படிவம், அறிவியல் பிரிவு. பார்மசி படிக்க வேண்டும் என்கிறாள். மருத்துவம் கிடைத்தாலும் சரியாம். முதல் சோதனையில் கூடுதல் கணிதத்தில் 100க்கு 18 வாங்கியிருக்கிறாள். அந்தப் பாடத்தை விட்டுவிட்டு மற்றவற்றில் ஏ வாங்கலாமே என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. என் அண்ணன் மகன் 7 ஏ வாங்கியும் மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை. அதனால் இப்போதே பயமாக இருக்கிறது. கல்விக் கண்காட்சியில் ஒரு தனியார் கல்லூரிக்காரர்கள், 500 ரிங்கிட் கட்டினால் இடத்தைப் பிடித்து வைக்கிறோம் என்றார்கள். கணவர் லாரி ஓட்டுநர், மாத வருமானம் ஏறக்குறைய 3,800 ரிங்கிட். விண்ணப்ப வேலைகளை எப்போது தொடங்க வேண்டும்? தமிழ்ப்பாடம் எடுத்தால் தேர்ச்சி குறையுமா என்றும் மகள் கேட்கிறாள்.

பதில்:

வணக்கம் சகோதரி.

முதலில் கூடுதல் கணிதம். பாடம் மாற்ற விரும்புகிறவர்களுக்குப் பள்ளி ஆண்டுத் தொடக்கத்தில்தான் இடம் கொடுக்கும். ஆகவே உங்கள் கேள்விகளில் இதற்குத்தான் அவசரம். என் பதில்: விட வேண்டாம், குறைந்தது இந்த ஆண்டு முழுவதும்.

ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை முடித்த பிறகு பார்மசிக்கோ மருத்துவத்துக்கோ போக, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பாக மூன்று பொதுவான வழிகள் இருக்கின்றன: அரசாங்க மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவத்தில் படித்து எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு, தனியார் கல்லூரியின் அடிப்படைக் கல்வி (ஃபவுண்டேஷன்) அல்லது ஏ லெவல். மெட்ரிகுலேஷன் அறிவியல் பிரிவு கூடுதல் கணிதத்தில் கிரெடிட், அதாவது குறைந்தது 'சி', கேட்கும். ஆறாம் படிவ அறிவியல் மாணவர்கள் எடுக்கும் கணிதம் 'டி' தாளோ, கூடுதல் கணிதம் படித்து வந்தவர் என்று வைத்துக்கொண்டுதான் முதல் வாரத்திலிருந்தே ஓடும். தனியார் கல்லூரிகளில் பல, சாதாரணக் கணிதமே போதும் என்று சொல்லிவிடும். மருத்துவத்துக்கு மலேசிய மருத்துவ மன்றம் வைத்திருக்கும் குறைந்தபட்சத் தகுதியிலும் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இன்னொரு பாடம் என ஐந்தில் 'பி' என்றுதான் இருக்கிறது. இதை வைத்துத்தான் "கூடுதல் கணிதம் இல்லாமலும் டாக்டராகலாம்" என்று கண்காட்சி மேசையில் சொல்கிறார்கள். சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தப் பாடத்தை விட்டால் செலவு குறைந்த இரண்டு வழிகளில் ஒன்று அடைபடும், இன்னொன்று கடினமாகிவிடும், சிரமமின்றித் திறந்திருப்பது செலவு மிகுந்த ஒன்று. 3,800 ரிங்கிட் வருமானத்தில் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

18 மதிப்பெண்ணைப் பார்த்துப் பதறாமல், திருத்திய விடைத்தாளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள்: கணக்கு என்ன கேட்கிறது என்றே புரியாதது ஒரு வகை, புரிந்தும் நடுவழியில் குறி மாறிப்போனது, காரணிப்படுத்தத் தெரியாமல் நின்றது இன்னொரு வகை. நான்காம் படிவத்தின் முதல் பாடங்களான சார்புகள், இருபடிச் சார்புகள் இரண்டிலும் இடறுபவர்களில் நிறைய பேருக்குக் கூடுதல் கணிதம் பிரச்சினையே இல்லை. இரண்டாம் படிவக் கணித நூலின் இரண்டாம் பாடத்தில் வரும் காரணிப்படுத்தலும் இயற்கணிதப் பின்னங்களும்தான் கைக்கு வரவில்லை. அப்படியென்றால் விலை கொடுத்துக் கூடுதல் கணித டியூஷனில் சேர்ப்பதற்கு முன், அந்த ஒரே பாடத்தைத் தினம் அரை மணி நேரம், மூன்று வாரம் போடச் சொல்லுங்கள். செலவே இல்லை, பழைய நூல் வீட்டிலேயே இருக்கும்.

தேர்வுத்தாளின் அமைப்பும் தெரிந்திருக்கட்டும். முதல் தாள் 80, இரண்டாம் தாள் 100. இரண்டாம் தாளின் 'சி' பகுதியில் நான்கு கேள்விகள். இரண்டுக்கு விடை எழுதினால் போதும், ஒவ்வொன்றும் 10. அந்த நான்கும் வருவது முக்கோணத் தீர்வு, குறியீட்டு எண், நேரியல் நிரலாக்கம், இயக்கவியல் ஆகிய பாடங்களிலிருந்துதான். முதல் இரண்டும் நான்காம் படிவத்தின் கடைசிப் பாடங்கள், மற்ற பாடங்களோடு அவ்வளவாகப் பின்னிக்கொள்ளாதவை. இருபடிச் சார்பில் தடுமாறும் பிள்ளையும் குறியீட்டு எண்ணில் முழு மதிப்பெண் எடுக்க முடியும். இப்போது தடுமாறுகிறாள் என்பதற்காக அந்த 20 மதிப்பெண் இருப்பதே தெரியாமல் பாடத்தை விட்டுவிடக் கூடாது. ஆண்டு இறுதித் தேர்விலும் இதே நிலைமை என்றால், ஐந்தாம் படிவம் தொடங்குமுன் பள்ளி ஆலோசக ஆசிரியரோடு உட்கார்ந்து பேசலாம். அப்போதும் பாடத்தை மட்டும் விடுவதில் பயனில்லை. இலக்கையும் சேர்த்து மாற்றிப் பேச வேண்டியிருக்கும்.

தமிழ்ப்பாடம் தேர்ச்சியைக் குறைக்காது. உங்கள் மகளுக்கு அது இன்னொரு விதத்திலும் கைகொடுக்கும். அறிவியல் பிரிவு மாணவியின் பாடங்களை எண்ணிப் பாருங்கள்: மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம், வரலாறு, நன்னெறிக் கல்வி, இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம். ஒன்பதுதான். 10 ஏ அல்லது அதற்கு மேல் வாங்கியவர்களுக்கு இனபேதமின்றி மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று 2024இல் பிரதமர் அறிவித்தார். ஒன்பது பாடம் எடுப்பவருக்கு 10 ஏ எங்கிருந்து வரும்? பத்தாவது பாடம் வேண்டும், நம் பிள்ளைகளுக்கு அது தமிழ்தான். ஏ கழித்தலையும் (A-) ஏ என்று எண்ணுவார்களா என்பதை அவள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பில் எழுத்து எழுத்தாகப் படித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு குறியில் பல குடும்பங்கள் அழுதிருக்கின்றன. பள்ளியில் தமிழ் வகுப்பு நேர அட்டவணைக்கு வெளியே நடந்தால், போக்குவரத்து ஏற்பாட்டை இப்போதே செய்துவிடுங்கள். பாதியில் தமிழை விடும் பிள்ளைகள் பெரும்பாலும் பாடம் கடினம் என்று விடுவதில்லை, வீட்டுக்குத் திரும்ப வேன் இல்லாமல்தான் விடுகிறார்கள்.

மலாய்மொழியும் வரலாறும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. மற்ற எட்டிலும் ஏ வாங்கினாலும் அதுதான் நிலை. அறிவியல் பிள்ளைகள் வரலாற்றைக் கடைசி இரண்டு மாதத்துக்கு ஒத்தி வைப்பது வழக்கம். நான்காம் படிவ வரலாறும் தேர்வில் உண்டு என்பதை நினைவில் வைத்து, இந்த ஆண்டுக் குறிப்புகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் வைத்திருங்கள்.

இனி புறப்பாட நடவடிக்கை. பொதுப் பல்கலைக்கழகங்கள் மாணவர்களை வரிசைப்படுத்தும் மெரிட் கணக்கில் கல்விக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10. பத்துதானே என்று தள்ளிவிடுபவர்களுக்கு ஓர் எளிய கணக்கு. எஸ்.டி.பி.எம். முடித்த இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவரின் சி.ஜி.பி.ஏ. (4.00க்கு எடுக்கும் சராசரித் தரப்புள்ளி) 3.67, நான்கால் வகுத்துத் தொண்ணூறால் பெருக்கினால் 82.58 வருகிறது. புறப்பாடத்தில் அவருக்கு 4.5. மொத்தம் 87.08. இன்னொருவர் 3.50, அது 78.75 ஆகிறது. அவருக்குப் புறப்பாடத்தில் 9. மொத்தம் 87.75. படிப்பில் பின்னால் நின்றவர் முன்னால் போய்விட்டார். பார்மசி, மருத்துவம் மாதிரி எல்லாரும் 85க்கு மேல் வந்து முட்டிக்கொள்ளும் துறைகளில் இந்த அரைப் புள்ளியே இடத்தை முடிவு செய்கிறது.

ஒரு சீருடை இயக்கம், ஒரு மன்றம், ஒரு விளையாட்டு என்பது அடிப்படை. வருகை, வகித்த பதவி, பங்கெடுத்த போட்டியின் நிலை, அடைவு எல்லாவற்றுக்கும் தனித்தனி மதிப்பெண். பள்ளி அளவைவிட மாவட்டம், அதைவிட மாநிலம் என்று ஏறிக்கொண்டே போகும். ஆறு இயக்கத்தில் பெயர் கொடுத்து எதிலும் நிற்காத பிள்ளையைவிட, செம்பிறைச் சங்கத்தில் செயலாளராக இருந்து மாநில அளவில் ஒரு முதலுதவிப் போட்டிக்குப் போய் வந்த பிள்ளைக்குக் கூடுதலாகக் கிடைக்கும். மதிப்பெண் குறையும் முக்கியக் காரணம் திறமைக் குறைவு இல்லை, பதிவுக் குறைவு. சான்றிதழ் ஒரு கோப்பில் கிடக்கும். ஆசிரியர் அதைக் கணினியில் ஏற்றியிருக்க மாட்டார், ஏனென்றால் பிள்ளை கொடுக்கவே இல்லை. ஒவ்வொரு பள்ளித் தவணை முடிவிலும் சான்றிதழ்களின் நகலைப் பொறுப்பாசிரியரிடம் கொடுத்து, தன் மதிப்பெண் எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்று மகள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஆசிரியரைச் சந்தேகிப்பது ஆகாது இது. அவர் கையில் இருநூறு பிள்ளைகள்.

உங்கள் அண்ணன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். 7 ஏ என்ற எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. எந்தப் பாடங்களில் ஏ என்று பார்க்க வேண்டும். தமிழ், நன்னெறி, வரலாறு, மலாய்மொழியில் ஏ இருந்து, வேதியியலில் 'சி' என்றால் அறிவியல் பிரிவுத் தேர்வில் அவர் நாம் நினைக்கிற இடத்தில் நிற்க மாட்டார். இன்னொரு பக்கம், மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ரா (மலாய்க்காரர், பிற பூர்வகுடியினர்) மாணவர்களுக்கு, மீதி 10க்குள்தான் மற்ற எல்லாரும். எனவே நல்ல தேர்ச்சி இருந்தும் விடுபடுபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. இந்த நிலைமையைத் தெரிந்துகொண்டு திட்டமிட வேண்டும். மெட்ரிகுலேஷனை ஒரே நம்பிக்கையாக வைத்துக்கொண்டு, கிடைக்காத அன்று வேறு எதற்கும் மனு போடாமல் உட்கார்ந்திருப்பதுதான் உண்மையான இழப்பு. முதல் பட்டியலில் பெயர் வராதவர்களுக்கு மேல்முறையீடு உண்டு, அடுத்தடுத்த சேர்க்கையும் வரும். கால அவகாசம் சில நாட்கள்தான்.

விண்ணப்ப வேலை சூடு பிடிப்பது தேர்வு முடிந்த பிறகு. மெட்ரிகுலேஷன் விண்ணப்பமும் யு.பி.யு. எனப்படும் பொது உயர்கல்விக்கூடச் சேர்க்கை விண்ணப்பமும் தனித்தனி. ஒன்றைப் போட்டால் இன்னொன்றும் போட்டதாகாது. இதில் ஏமாறுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இரண்டும் பொதுவாக முடிவு வெளியாகும் முன்பே திறந்துவிடும், முடிவு வந்த பின் தேர்வுகளை மாற்ற ஒரு சிறு இடைவெளி கிடைக்கும். "முடிவு வரட்டும், பார்க்கலாம்" என்றிருப்பவர்கள் அந்த இடைவெளியில் கணக்குத் திறப்பது, கடவுச்சொல் மறப்பது என்று நாட்களைக் கழித்துவிடுவார்கள். யு.பி.யு.வில் 12 தேர்வுகள் தரலாம். அதன் இ-பண்டுவான் என்ற இணைய வழிகாட்டிப் பக்கத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் பொதுத் தகுதி, சிறப்புத் தகுதி, முந்தைய சேர்க்கையின் சராசரி மெரிட் எல்லாம் இருக்கும். மகள் ஐந்தாம் படிவத்தில் இருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதைப் புரட்டட்டும். தன் முன்னோட்டத் தேர்வுத் தேர்ச்சியை வைத்து, சராசரியைவிடச் சற்று மேலே இரண்டு மூன்று, தன் அளவில் ஐந்தாறு, நிச்சயம் கிடைக்கும் என்பதில் மூன்று என்று பிரித்து எழுதலாம். கிடைத்தால் போக மாட்டோம் என்று தெரிந்த படிப்பைப் பன்னிரண்டில் எங்கும் போட வேண்டாம். அதுவே வந்து சேரும், மற்றது எதுவும் வராது. எஸ்.பி.எம். நிலையில் யு.பி.யு. வழி வருபவை அடிப்படைக் கல்வியும் டிப்ளோமாவும், பாலிடெக்னிக் படிப்புகளும்தான். உங்கள் பகுதியில் பெர்மாத்தாங் பாவிலேயே செபராங் பிறை பாலிடெக்னிக் இருக்கிறது. பார்மசிக்கு அது குறுக்கு வழியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொறியியல் பக்கம் மனம் போனால் நல்ல இடம்.

விண்ணப்பத்துக்கென்று மகள் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கணினிக் கடைக்காரரின் மின்னஞ்சலிலோ மாமாவின் கைப்பேசி எண்ணிலோ பதிவு செய்தால், இடம் வந்த செய்தி அங்கே போய் நிற்கும். இடத்தை ஏற்கிறேன் என்று குறித்த தேதிக்குள் பதில் தராவிட்டால் மறுத்ததாகவே கொள்வார்கள்.

ஆறாம் படிவத்தைப் பற்றி நம்மிடம் ஒரு தாழ்வான எண்ணம் இருக்கிறது. "வேறு கதியில்லாதவர்கள் போகிற இடம்" என்பார்கள். உங்கள் நிலைமையில் நான் அதை மெட்ரிகுலேஷனுக்குச் சமமாகவே வைப்பேன். ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம், வீட்டிலிருந்தே போய் வரலாம், கட்டணம் பெயரளவுக்கு. ஒரு பருவத் தாளில் சறுக்கினால் திரும்ப எழுதவும் வழியுண்டு. மெட்ரிகுலேஷனில் அந்த மூச்சுவிடும் நேரம் கிடையாது, ஓராண்டில் இரண்டு பருவமும் பறந்துவிடும். பாடம் கடினம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. கல்வி அமைச்சின் இணையப் பக்கத்தில் எந்தப் பள்ளியில் இடம் என்று பார்த்து, சொன்ன நாளில் போய்ப் பதிந்து விடட்டும். மெட்ரிகுலேஷன் பிறகு கூப்பிட்டால் அங்கிருந்து மாறிக்கொள்ளலாம். வீட்டில் காத்திருந்து ஒரு மாதப் பாடத்தை இழப்பதில் லாபம் ஒன்றுமில்லை. ஆறாம் படிவம் சேர்ந்தால் மியூயெட் ஆங்கிலத் தேர்வையும் காலத்தோடு எழுத வேண்டும். பட்டப்படிப்புக்கு யு.பி.யு.வில் அது இல்லாமல் நகர முடியாது.

அந்த 500 ரிங்கிட்டைக் கட்ட வேண்டாம். எஸ்.பி.எம். எழுதாத பிள்ளைக்கு எந்தக் கல்லூரியும் இடத்தைப் 'பிடித்து' வைக்க வேண்டிய அவசியம் இல்லை. முடிவு வந்த மறுநாளும் தனியார் கல்லூரிகளின் கதவு திறந்தே இருக்கும். பின்னாளில் தனியார் பக்கம் போவதாக இருந்தால், மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.வின் தகுதிப் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரையே தேடுங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. முழு அங்கீகாரமா, தற்காலிக அங்கீகாரமா என்று அங்கே தெரியும். பார்மசியென்றால் பார்மசி வாரியமும், மருத்துவமென்றால் மருத்துவ மன்றமும் அந்தப் பட்டத்தை ஏற்கின்றனவா என்பது வேறு கேள்வி. பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனையை வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பலர் தாமதமாகத் தெரிந்துகொள்ளும் ஒன்று: பி.டி.பி.டி.என். எனப்படும் அரசாங்க உயர்கல்விக் கடன் டிப்ளோமாவுக்கும் பட்டப்படிப்புக்கும்தான். அடிப்படைக் கல்விக்கும் ஏ லெவலுக்கும் அது கிடையாது. "கடன் எடுத்துக்கொள்ளலாம்" என்று நம்பித் தனியார் அடிப்படைக் கல்வியில் சேர்ந்தால், பத்தாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும் அந்த முதல் ஆண்டுச் செலவு முழுவதும் உங்கள் கையிலிருந்துதான் போகும். மகள் பெயரில் பி.டி.பி.டி.என். நடத்தும் ஓர் எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்புக் கணக்கை இப்போதே திறந்து வையுங்கள், பிற்பாடு பி.டி.பி.டி.என். கடனுக்கு மனுச் செய்யும்போது அதைக் கேட்பார்கள். மாதம் இருபது ரிங்கிட் போட்டாலும் போதும்.

உபகாரச் சம்பளத்தில் பொதுச் சேவைத் துறையின் திட்டங்கள் எஸ்.பி.எம். முடிவை ஒட்டித் திறந்து சீக்கிரம் மூடிவிடும். மாரா கடனுதவி பூமிபுத்ரா மாணவர்களுக்கானது, அதில் நேரம் செலவிட வேண்டாம். மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) கல்விப் பிரிவான எம்.ஐ.இ.டி. தரும் கல்விக் கடன் நம் மாணவர்களுக்கு உண்டு. எதற்கு மனுப் போட்டாலும் கேட்கும் தாள்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: பெற்றோர் இருவர், பிள்ளையின் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், கணவரின் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி அறிக்கை, எஸ்.டி.ஆர். எனும் அரசாங்க ரொக்க உதவி பெற்றால் அதன் சான்று. லாரி ஓட்டுநர்களில் பலருக்கு அடிப்படைச் சம்பளம் ஒரு தொகை, பயணப்படி இன்னொரு தொகை. சம்பளச் சீட்டில் ஒன்று, விண்ணப்பத்தில் வேறொன்று என்று எழுதினால் விளக்கம் கேட்டுத் திருப்பிவிடுவார்கள். எந்தத் தொகையை எழுதினாலும் எல்லா மனுவிலும் அதே தொகை இருக்கட்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. மகளின் அடையாள அட்டையில் பெயர் எப்படி இருக்கிறதோ, பிறப்புப் பத்திரத்திலும் பள்ளிப் பதிவிலும் அப்படியே இருக்கிறதா என்று இந்த வாரமே ஒப்பிட்டுப் பாருங்கள். தந்தை பெயருக்கு முன் வரும், மகள் என்பதைக் காட்டும் 'அ/பெ' (A/P) குறி ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாமல் போவது, ஓர் எழுத்து இரட்டிப்பது, இரண்டு சொல் ஒன்றாகிவிடுவது எல்லாம் நம் பெயர்களில் சாதாரணம். ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். பதிவு விவரங்களை அச்சிட்டு மாணவர்களிடம் சரிபார்க்கக் கொடுப்பார்கள். அந்தத் தாளை அடையாள அட்டைக்குப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மகளிடம் சொல்லி வையுங்கள்.